மலையகக் குளிருக்கு கொக்கோ பட்டர்: முதல்முறை வாங்குகிறவர்களுக்கு

மார்கழி பிறந்து பனி விழ ஆரம்பித்ததும் நுவரெலியா, தலவாக்கலை, அட்டன் பக்கம் இருக்கிறவர்களுக்குக் கை கால் எல்லாம் வெள்ளையாகப் பூத்துவிடும். உதடு வெடிக்கும், குதிகால் பிளக்கும். கொழுந்து எடுக்கிறவர்கள் கையைப் பார்த்தால் தெரியும், பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து கொழுந்தைக் கிள்ளுகிற அந்த இடத்தில்தான் தோல் முதலில் தடிக்கும், பிறகு குறுக்கே வெடிக்கும், அந்த வெடிப்புக்குள் கொழுந்துக் கறை ஏறி எவ்வளவு தேய்த்தாலும் போகாத கறுப்புக் கோடாக நின்றுவிடும். உப்பும் மிளகாயும் பட்டால் எரிச்சல் உயிர் போகும். இதற்கெல்லாம் கொக்கோ பட்டர் நல்லது என்று யாராவது சொல்லியிருப்பார்கள், டவுன் கடையில் ஒரு டப்பாவையும் பார்த்திருப்பீர்கள். அது என்ன செய்யும், என்ன செய்யாது, யார் பூசக்கூடாது, நம்முடைய குளிரில் அதை எப்படிப் பூசுவது என்பதை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் பொருளைத் தெரிந்துகொள்ளுங்கள். கொக்கோ விதையில் ஏறக்குறையப் பாதி கொழுப்பு. விதையைப் புளிக்கவைத்து, காயவைத்து, வறுத்து, அரைத்துக் கூழாக்கி, அந்தக் கூழை அழுத்திப் பிழிந்தால் வெளியே வருகிற கொழுப்புதான் கொக்கோ பட்டர், மிஞ்சுகிற சக்கைதான் கொக்கோ தூள். இப்படிப் பிழிகிற முறைக்கு 1828ல் ஒல்லாந்தில் வான் ஹூட்டன் என்பவர் காப்புரிமை வாங்கினார். மரம் நமக்கு அந்நியமானதில்லை. கோப்பித் தோட்டங்கள் இலைநோயில் அழிந்த பிறகு மாத்தளைப் பக்கமும் தும்பறைப் பள்ளத்தாக்கிலும் கொக்கோ வைத்தார்கள், இன்றைக்கும் மாத்தளைப் பக்கம் போனால் அடிமரத்திலேயே காய் தொங்குகிற மரங்களைப் பார்க்கலாம். நுவரெலியா உயரத்துக் குளிரில்தான் அது வராது.

பெயரில் பட்டர் இருக்கிறது என்பதற்காகப் பாலோ உப்போ இருக்கும் என்று நினைக்கவேண்டாம், முழுக்க முழுக்கத் தாவரக் கொழுப்பு. வெளிர் மஞ்சள் நிறம், சுத்திகரிக்காததில் சொக்லட் வாசனை அடிக்கும், வாசனை நீக்கியதில் ஒன்றும் அடிக்காது. இரண்டுமே நல்ல சரக்குதான். 34 முதல் 38 பாகை செல்சியஸ் சூட்டில் உருகும், அதனால்தான் உள்ளங்கையில் கொஞ்ச நேரம் வைத்தால் இளகிவிடுகிறது. ஆனால் 15 பாகையில் கிடக்கிற நம் வீட்டு அலுமாரியில் அது கல்லாக இருக்கும். கொழும்பில் இருக்கிறவர்கள் சொல்கிற மாதிரி விரலால் எடுத்துப் பூசப் பார்த்தால் நகம்தான் உடையும். இதற்கு வழி இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

தோலில் இது என்ன வேலை பார்க்கிறது

ஒலெயிக், ஸ்டியரிக், பால்மிடிக் என்ற மூன்று கொழுப்பு அமிலங்கள்தான் இதில் பெரும்பகுதி. அறைச் சூட்டில் இறுகி நிற்பதற்கு பின்னிரண்டும் காரணம். பூசியதும் இது தோலின் மேல் மெல்லிய படலமாக உட்காரும், செதில் செதிலாக எழும்பி நிற்கிற காய்ந்த தோலுக்கு இடையிலுள்ள இடைவெளியை நிரப்பும், உள்ளேயிருக்கிற ஈரம் காற்றோடு போகாமல் தடுக்கும். அவ்வளவுதான் வேலை, ஆனால் குளிர்காலத்தில் நமக்கு வேண்டியதும் அதுதான். குளிர்ந்த காற்றில் ஈரம் தங்குவது குறைவு, அதோடு குளிருக்கு இதமாக இருக்கிறதே என்று கொதிக்கக் கொதிக்க வெந்நீர் வார்த்துக்கொள்கிறோம், கறை போகவேண்டும் என்று துணி தோய்க்கிற சவர்க்காரத்தையே கைக்கும் போட்டுத் தேய்க்கிறோம். தோலில் இயற்கையாக இருக்கிற எண்ணெய்ப் பசை எல்லாம் போன பிறகு எதைப் பூசினாலும் பாதிப் பலன்தான். அதனால் பட்டர் வாங்குவதற்கு முன்பே வெந்நீரை வெதுவெதுப்பாகக் குறையுங்கள், துணிச் சவர்க்காரத்தைக் கையில் போடுவதை நிறுத்துங்கள். காசு செலவில்லாத வைத்தியம் இது.

இன்னொன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கொக்கோ பட்டரில் தண்ணீர் துளியும் கிடையாது. இருக்கிற ஈரத்தைக் காக்குமே தவிர, புதிதாக ஈரத்தைக் கொண்டுவராது. காய்ந்த கையில் பூசிவிட்டு "ஒன்றும் ஆகவில்லையே" என்று சொல்கிறவர்கள் நிறையப் பேர். நனைத்து, ஒற்றியெடுத்து, ஈரம் இருக்கும்போதே பூசவேண்டும்.

என்ன செய்யாது

தோலை வெள்ளையாக்காது. எந்தப் பட்டரும் ஆக்காது. வெள்ளையாக்கும் என்று எழுதி விற்கிற கிறீம்களைத் தொடவே வேண்டாம், ஏனென்றால் அப்படிப்பட்ட பல கிறீம்களில் பாதரசம் கலந்திருப்பது உலகம் முழுவதும் திரும்பத் திரும்பப் பிடிபட்டிருக்கிறது. பாதரசத்தைக் கட்டுப்படுத்த நாடுகள் சேர்ந்து செய்துகொண்ட மினமாட்டா உடன்படிக்கை அழகுசாதனப் பொருட்களில் பாதரசத்துக்கு முதலில் வைத்த எல்லை பத்து இலட்சத்தில் ஒரு பங்கு, 2023ல் அந்த அளவுகூடக் கூடாது என்று முடிவெடுத்தார்கள். பாதரசம் சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுக்கும், பூசுகிற தாயோடு நிற்காமல் அவள் தூக்குகிற பிள்ளைக்கும் போகும். தயாரித்தவர் பெயர், விலாசம், உள்ளடக்கம் எதுவும் இல்லாத டப்பாவை யார் விற்றாலும் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் சொல்லலாம்.

வயிறு பெருக்கும்போது விழுகிற பிரசவத் தழும்பையும் இது தடுக்காது. இது எனக்கு முக்கியமான விஷயம், ஏனென்றால் பிள்ளைத்தாய்ச்சிப் பெண்களிடம் இதைச் சொல்லித்தான் அதிகம் விற்கிறார்கள். 2008ல் லெபனானிலும் 2010ல் ஜமேக்காவிலும் கர்ப்பிணிகளை இரண்டு பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதிக்குக் கொக்கோ பட்டர் சேர்ந்த பூச்சும் மற்றப் பகுதிக்கு அது சேராத பூச்சும் கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் வெளியாகின. எதைப் பூசுகிறோம் என்று பூசியவர்களுக்கே தெரியாது. இரண்டிலுமே தழும்பு விழுவதில் வித்தியாசம் இல்லை. வயிறு இழுத்து அரிக்கும்போது பூசினால் இதமாக இருக்கும், அதற்காகப் பூசுங்கள், தாராளமாக. ஆனால் கடைசி மூன்று மாதங்களில் உள்ளங்கையும் உள்ளங்காலும் தடிப்பு எதுவும் இல்லாமல் கடுமையாக அரித்தால், அதுவும் இரவில் கூடினால், பட்டர் தேய்த்துக்கொண்டு இருக்காதீர்கள். ஈரலில் பித்தம் தேங்குவதால் அப்படி வரலாம், பிள்ளைக்கு ஆபத்து. அன்றைக்கே மிட்வைஃப் மிஸ்ஸிடம் சொல்லவேண்டும்.

வெயிலுக்கும் இது காப்பு இல்லை. மலையில் குளிர்கிறது என்பதால் வெயில் சுடாது என்று நினைக்கிறோம், உயரம் கூடக் கூட வெயிலின் புற ஊதாக் கதிர் கூடத்தான் செய்யும். தலைத்துணியும் முழுக்கைச் சட்டையும்தான் அதற்கு.

யார் பூசக்கூடாது

முகத்தில் பரு வருகிறவர்கள் முகத்துக்கு வேண்டாம். துவாரங்களை அடைக்கக்கூடிய கொழுப்புகளில் ஒன்றாகத்தான் இதைச் சொல்வார்கள். கை, கால், முழங்கை, உதடு இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தேமல் இருக்கிற இடத்தில் பூசவேண்டாம், அதை உண்டாக்குகிற பூஞ்சணம் கொழுப்பைத் தின்று வளர்வது. படர்தாமரை, சிரங்கு இதற்கெல்லாம் மருந்து வேறு, மேலே பட்டரை அப்பினால் ஈரம் தங்கி இன்னும் மோசமாகலாம். மழைக்காலத்தில் ஈரப் படங்கு இடுப்பில் கட்டி நாள் முழுக்க நிற்கிறவர்களுக்கு இடுப்பிலும் தொடையிடுக்கிலும் வருகிற அரிப்பு பெரும்பாலும் பூஞ்சணம்தான், வறட்சி என்று நினைத்துவிடாதீர்கள்.

சீனி வருத்தம் உள்ளவர்கள் குதிகால் வெடிப்பைத் தாங்களே பார்த்துக்கொள்ளக்கூடாது, அது எவ்வளவு சின்னதாக இருந்தாலும் சரி. காலில் உணர்ச்சி குறைந்திருக்கும், புண் ஆழமானது தெரியவே தெரியாது. நேரே கிளினிக்கில் காட்டுங்கள். இரத்தம் கசிகிற, சீழ் வைத்த, சுற்றிச் சிவந்து சூடாக இருக்கிற வெடிப்புக்கும் இதே பதில்தான். கைக்குழந்தைக்கு எதைப் பூசுவதென்றாலும் மிட்வைஃபிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

வாங்கும்போது

இரண்டு விதமாகக் கிடைக்கும். ஒன்று கட்டியாக அல்லது சின்னச் சின்ன வில்லையாக வருகிற சுத்தமான பட்டர். மற்றது கொக்கோ பட்டர் கலந்த கிறீம் அல்லது லோஷன். டப்பாவின் முன்பக்கத்துப் படத்தைப் பார்க்காமல் பின்பக்கத்தைத் திருப்புங்கள். உள்ளடக்கப் பட்டியலில் அதிகமாக இருப்பதுதான் முதலில் வரும். "தியோப்ரோமா ககாவோ சீட் பட்டர்", இதுதான் கொக்கோ பட்டருக்குப் போடுகிற பெயர், ஆங்கில எழுத்தில்தான் இருக்கும், வீட்டில் படிக்கிற பிள்ளையைக் கூட்டிப்போனால் தேடித் தரும். அந்தப் பெயர் வாசனைக்கும் நிறத்துக்கும் பக்கத்தில், பட்டியலின் கடைசியில் கிடந்தால் நீங்கள் வாங்குவது வாசனை போட்ட சாதாரண லோஷன். அதுவும் தோலுக்கு உதவும், ஆனால் பெயருக்காகக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை.

சுத்தமான கட்டி என்றால் ஒரு துண்டை உடைத்துப் பாருங்கள், சட்டென்று முறியும். உள்ளங்கையில் வைத்து மூடினால் மெழுகு மாதிரிப் பிசுபிசுக்காமல் எண்ணெயாக இளகும். பழைய பெயின்ட் வாசனை, காறல் வாசனை அடித்தால் வாங்கவேண்டாம்.

கொண்டுவந்ததும் நேரே முகத்திலும் காலிலும் அப்பிவிடாதீர்கள். முழங்கைக்கு உள்பக்கமாக ஒரு ரூபாய்க் குற்றி அளவு இடத்தில் காலையும் மாலையும் ஒரு வாரம் பூசிப் பாருங்கள். கொக்கோ பட்டர் ஒவ்வாமை அபூர்வம்தான், ஆனால் அதோடு சேர்த்திருக்கிற வாசனைப் பொருட்கள் பலருக்கு ஒத்துக்கொள்ளாது. சிவத்தல், அரிப்பு, கொப்புளம் வந்தால் கழுவிவிட்டு அதை விட்டுவிடுங்கள்.

நம் குளிருக்கு ஏற்ற மாதிரி இளக்குவது

கட்டியாக வாங்கினவர்களுக்கு இது அவசியம். எண்ணெய் சேர்த்து இளக்கவேண்டும், கேள்வி எந்த எண்ணெய் என்பதுதான். தேங்காய் எண்ணெய் 24 பாகைக்குக் கீழே தானே உறைந்துவிடும், நுவரெலியாவில் தேங்காய் எண்ணெய்ப் போத்தலை அடுப்போரம் வைத்துத்தான் தலைக்கு ஊற்றுகிறோம், அதைக் கொண்டு இதை இளக்க முடியாது. சூரியகாந்தி எண்ணெய் அல்லது நல்லெண்ணெய் எடுங்கள், இரண்டும் குளிரில் ஓடும். நல்லெண்ணெய் வாசனை பிடிக்காதவர்கள் சூரியகாந்திக்குப் போகலாம், தோலுக்கும் அது இதமானது.

நுவரெலியா, இராகலை, தலவாக்கலை மாதிரிக் குளிர் இடங்களுக்கு 50 கிராம் பட்டருக்கு 100 கிராம் எண்ணெய். பண்டாரவளை, பதுளைப் பக்கம் 75 கிராம் போதும். மாத்தளை, கண்டிச் சூட்டுக்குப் பட்டரும் எண்ணெயும் சரிக்குச் சரி. கொஞ்சம் இறுகினாலோ தளர்ந்தாலோ திரும்ப உருக்கிச் சரிசெய்துகொள்ளலாம், இதில் கெட்டுப்போக ஒன்றுமில்லை.

ஒரு சட்டியில் தண்ணீரைக் கொதிக்கவைத்து அடுப்பைத் தணித்துவிட்டு, அதற்குள் ஈரமே இல்லாத ஒரு எவர்சில்வர் கிண்ணத்தை வையுங்கள். பட்டரைச் சீவிப் போடுங்கள். நேரே அடுப்பில் வைக்கவேண்டாம், கருகும், தீயும் பிடிக்கும். சின்னப் பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். கடைசித் துண்டு கரைகிற நேரத்தில் கிண்ணத்தை வெளியே எடுத்து எண்ணெயை ஊற்றிக் கலக்குங்கள். ஆவித் தண்ணீர் உள்ளே சொட்டாமல் பார்த்துக்கொள்வது முக்கியம். தண்ணீர் சேராத வரைக்கும் பூஞ்சணம் பிடிக்காது, அதனால் தனியாகப் பாதுகாப்பு மருந்து எதுவும் சேர்க்கத் தேவையில்லை.

இப்போது ஆறவைப்பது. அப்படியே விட்டால் வெவ்வேறு கொழுப்புகள் வெவ்வேறு சூட்டில் உறைந்து ரவை ரவையாகத் திரளும். கிண்ணத்தைப் பீலித் தண்ணீர் நிறைத்த பேசினுக்குள் இறக்கி, கரண்டியால் விடாமல் கலக்குங்கள். முதலில் கண்ணாடி மாதிரி இருக்கும், பிறகு ஓரத்தில் மங்கி வெள்ளை ஏறும், அந்த ஓரத்தைச் சுரண்டி நடுவில் சேர்த்துக்கொண்டே இருந்தால் சிறிது நேரத்தில் கரண்டி போன தடம் மூடாமல் நிற்கும். அந்தப் பதத்தில் காய்ந்த போத்தலில் போட்டுவிடுங்கள். ரவையாகிவிட்டாலும் பரவாயில்லை, தோலில் பட்டதும் கரையும்.

வாசனைக்கு என்று கறுவா எண்ணெயோ கராம்பு எண்ணெயோ விடவேண்டாம். நம் நாட்டில் சுலபமாகக் கிடைக்கிறது என்பதால் பலரும் விடுகிறார்கள், வெடித்த தோலில் இரண்டும் எரிக்கும், ஒவ்வாமையையும் கொண்டுவரும். தேசிக்காய்ச் சாறும் கூடாது, வெயிலில் பட்டால் தோல் கொப்புளித்துக் கறுக்கும்.

போத்தலில் திகதி எழுதி ஒட்டுங்கள். எண்ணெய் சேர்த்த பிறகு ஆறு மாதத்துக்குள் முடித்துவிடுவது நல்லது. ஈரக் கையை உள்ளே விடாமல் காய்ந்த கரண்டியால் எடுங்கள்.

பூசுவது

இரவில் பூசுங்கள். காலையில் பூசிவிட்டு மலைக்குப் போனால் விரல் வழுக்கும், கொழுந்திலும் எண்ணெய் படும், தேயிலை வாசனையைச் சீக்கிரம் பிடித்துக்கொள்கிற பொருள்.

காலுக்கு: வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் காலை ஊறவையுங்கள். பீர்க்கு நாரால் அல்லது குதிகல்லால் தடித்த தோலை மெதுவாகத் தேய்க்கலாம். பிளேடு, கத்தி வைத்துச் சீவுகிற பழக்கம் நம் லயங்களில் நிறைய உண்டு, தயவுசெய்து அதை விடுங்கள், கால் பெருத்து ஆஸ்பத்திரிக்குப் போகிற கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது. துணியால் ஒற்றியெடுத்து விரலிடுக்கை மட்டும் நன்றாகக் காயவையுங்கள், அங்கே பட்டர் பூசவேண்டாம். மற்ற இடத்தில் ஈரம் இருக்கும்போதே ஒரு புளியங்கொட்டை அளவு எடுத்து உள்ளங்கையில் தேய்த்து இளக்கி, வெடிப்புக்குள் இறங்குகிற மாதிரி அழுத்திப் பூசி, பருத்திக் காலுறை போட்டுக்கொண்டு படுங்கள். காலுறை இல்லாமல் சிமெந்துத் தரையில் நடந்தால் வழுக்கும், வயதானவர்கள் கவனம்.

கைக்கும் இதே முறைதான், ஊறவைக்கத் தேவையில்லை, சாப்பிட்டுக் கை கழுவியதும் பூசினால் போதும். வெடிப்புக்குள் ஏறிய கறை உடனே போகாது, தோல் மூடி வளரும்போது தானாக வெளியேறும்.

ஒரு எச்சரிக்கை, இதை யாரும் சொல்வதில்லை. கொழுப்பு ஊறிய துணி சீக்கிரம் தீப்பிடிக்கும், பிடித்தால் வேகமாக எரியும். தோலுக்குப் பூசுகிற இப்படிப்பட்ட களிம்புகளைப் பற்றி பிரித்தானியாவின் மருந்து ஒழுங்குபடுத்தும் நிறுவனம் 2018ல் எச்சரித்தது, தாவர எண்ணெயில் செய்தவையும் அதில் அடக்கம். நமக்கோ குளிர் காய்வதே விறகடுப்பில். பட்டர் பூசிய காலுறையோடு, சால்வையோடு அடுப்புக்குப் பக்கத்தில் உட்காராதீர்கள். அந்தத் துணிகளை அடிக்கடி சூடான தண்ணீரில் தோய்த்தாலும் எண்ணெய் முழுதாகப் போகாது, அதனால் அடுப்பங்கரைக் கம்பியில் காயப்போடவும் வேண்டாம்.

எத்தனை நாளில் தெரியும் என்று கேட்பீர்கள். கை ஒரு வாரத்தில் மெதுவாகும். குதிகால் தடித்திருந்தால் சில வாரம் ஆகும், அதுவும் தினமும் பூசினால்தான். மூன்று நான்கு வாரம் ஒழுங்காகப் பூசியும் வெடிப்பு அப்படியே இருந்தால் பாமசியில் யூரியா கலந்த கிறீம் கேட்டு வாங்குங்கள், தடித்த தோலை இளக்குவதில் அது கொக்கோ பட்டரைவிடப் பலமானது. அதிலும் மாறாவிட்டால் டிஸ்பென்சரியில் காட்டுங்கள், சொரியாசிஸ் மாதிரித் தோல் நோய்களும் குதிகால் வெடிப்பு போலவே இருக்கும்.

கடைசியாகக் காசு விஷயம். கட்டிக் கொக்கோ பட்டர் விலை கூடியது, எல்லா டவுனிலும் கிடைப்பதுமில்லை. கிடைக்கவில்லை என்றால் சாதாரண வாசலின் வாங்குங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. தோலிலிருந்து ஈரம் போகாமல் தடுப்பதில் வாசலின் கொக்கோ பட்டருக்கு மேல்தான், ஒவ்வாமையும் குறைவு. குதிகாலுக்கும் உதட்டுக்கும் அதையே மேலே சொன்ன மாதிரி ஈரத்தில் பூசலாம். கொக்கோ பட்டர் நல்லா இருப்பது கையில், பூசிய பிறகு பிசுபிசுப்புக் குறைவு, வாசனையும் நல்லது. வாங்கினால் கைக்கு என்று வைத்துக்கொண்டு, இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு கட்டி வாங்கி உருக்கிப் பிரித்துக்கொள்ளுங்கள், ஆளுக்கு ஒரு சின்னப் போத்தல் வரும்.